கடல் ஓவியத்தைச் சுவரில் மாட்டும்போது: கண்ணாடியா, அக்ரிலிக்கா, மெழுகுப் பூச்சா, அச்சுப் பிரதியா?

என் வீட்டுக் கூடத்தில் தொங்கும் நீர்வண்ண ஓவியத்தைக் கடல் என்று சொன்னால்தான் தெரியும். படகு இல்லை, கரை இல்லை, தொடுவானமும் இல்லை. மேலே அடர்நீலம் பெரிய கறையாக இறங்கி, நடுவில் பச்சை கலந்து கரைந்து, கீழே தீட்டாமல் விட்ட வெறும் தாளாக முடிகிறது. அந்த வெள்ளைதான் நுரை. ஒரு மார்கழியில், நுரையின் இடது ஓரத்தில் எட்டுப் பழுப்புப் புள்ளிகள் இருப்பதைக் கவனித்தேன். ஓவியர் வைத்த புள்ளிகள், நான்தான் இத்தனை நாள் பார்க்கத் தவறிவிட்டேன் என்று நினைத்து ஒரு வாரம் ரசித்துக்கொண்டு வேறு இருந்தேன். அரூப ஓவியம் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஆபத்து உண்டு. ஒன்பதாவது புள்ளி தோன்றிய பிறகுதான் அது பூஞ்சை என்று உறைத்தது.

சட்டத்தைப் பிரித்துப் பார்த்தால் காரணம் கண்ணெதிரே கிடந்தது. தாளின்மேல் கண்ணாடி நேராக ஒட்டிக்கொண்டிருந்தது. பின்னால் ஹார்ட்போர்டு, நான்கு மூலையிலும் செல்லோடேப். வீடு திருவான்மியூரில், கடற்கரையிலிருந்து நடந்துபோகும் தொலைவில். சட்டம் போட்டுக் கொடுத்த கடையை மட்டும் குறை சொல்ல முடியாது. "படத்தைச் சுற்றி மவுண்ட் அட்டை வேண்டாம், படம் பெரிதாகத் தெரியட்டும்" என்று சொன்னது நான்தான்.

அதற்குப் பிறகு, நீர்வண்ண ஓவியம் வாங்கும் நண்பர்கள் எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். கண்ணாடி போடுவதா, அக்ரிலிக் தகடு போடுவதா, எதுவும் போடாமல் மெழுகோ வார்னிஷோ பூசிவிடுவதா, இல்லை, அசலைப் பத்திரமாக வைத்துவிட்டுப் பிரதியை மாட்டுவதா? ஓவியத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், சுவரைப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்பது என் பதில். ஏன் என்று விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

## எவற்றை வைத்து எடைபோடுவது

ஈரம். நம் கடற்கரை ஊர்களில் இதுதான் முதல் எதிரி. நீர்வண்ணம் என்பது நிறத்தூளும் வேல மரப் பிசினும் சேர்ந்த கலவை. எத்தனை ஆண்டு காய்ந்தாலும் தண்ணீர் பட்டால் மறுபடி கரையும். தாளோ காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். காற்றின் ஈரப்பதம் 65, 70 விழுக்காட்டைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அதைத் தாண்டாத நாளைத்தான் தேட வேண்டும். தாளுக்கு விறைப்புத் தர ஆலையிலேயே சேர்க்கும் ஜெலட்டினும் மாவுப்பசையும் பூஞ்சைக்கு மட்டுமல்ல, பழைய புத்தகங்களுக்குள் ஓடும் வெள்ளிநிறப் பூச்சிக்கும் நல்ல தீனி.

வெளிச்சம். வெளிச்சத்தால் போன நிறம் திரும்பி வராது. பிரஷ்யன் நீலம் மட்டும் வெளுத்தபின் இருட்டில் ஓரளவு மீளும், அது விதிவிலக்கு. புற ஊதாக் கதிர்தான் கெடுதல், அதைத் தடுத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் நிறத்தைத் தின்னும். 1888இல் ரஸ்ஸல், ஆப்னி என்ற இரு அறிவியலாளர்கள் பிரிட்டிஷ் அரசுக்காக நீர்வண்ணங்களை வெயிலில் வைத்துச் சோதித்தார்கள். வெற்றிடத்தில் வைத்த நிறங்கள் பெரும்பாலும் அப்படியே இருந்தன, ஈரக்காற்றில் வைத்தவை வேகமாக வெளுத்தன. கடலோர வீட்டில் வெளிச்சமும் ஈரமும் கூட்டாளிகள் என்பது அப்போதே தெரிந்த செய்தி.

பிரதிபலிப்பு. உருவம் உள்ள ஓவியத்தில் கண்ணாடி கொஞ்சம் மின்னினாலும் முகத்தையோ மரத்தையோ கண் பிடித்துக்கொள்ளும். அரூப ஓவியத்தில் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. இருப்பதெல்லாம் தாளின் சொரசொரப்பு, அதன் பள்ளங்களில் அல்ட்ராமரீன் நீலத்தூள் மணல்போல் படிந்திருக்கும் விதம், ஈரமான இரு நிறங்கள் சந்தித்த இடத்தில் பூத்த ஓரம். சாதாரணக் கண்ணாடி தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 8 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது. அடர்நீலப் பரப்பின்மேல் அந்த 8 விழுக்காடே போதும், படம் முகம் பார்க்கும் கண்ணாடி ஆகிவிடும். என் ஓவியத்தில் தெரிந்த டியூப்லைட் பிம்பத்தைப் பார்த்து, "தொடுவானத்தை ஒரே வீச்சில் போட்டிருக்கிறார்" என்று வியந்த விருந்தினர் உண்டு.

பிறகு மாற்ற முடியுமா. இன்று செய்வதைப் பத்தாண்டு கழித்துத் தாளுக்குச் சேதம் இல்லாமல் பிரித்தெடுக்க முடிகிறதா என்பது கடையில் யாரும் கேட்காத கேள்வி. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் கனமான அளவுகோல்.

எடையும் செலவும் இவற்றுக்குப் பின்னால் வருபவை.

கடைக்குப் போகுமுன் ஓவியரிடம் இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். முதலாவது, உப்பு போட்டாரா? கடல் படங்களில் நுரை, சிப்பி, மணல் போன்ற பூவேலைப்பாடு வர, ஈர வண்ணத்தின்மேல் கல்லுப்பைத் தூவுவது ஓவியர்களுக்குப் பழக்கமான உத்தி. காய்ந்தபின் அதைத் துப்புரவாகத் தட்டி எடுக்காவிட்டால், தாளில் தங்கிய உப்பு மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். படத்தைச் சாய்வெளிச்சத்தில் பிடித்து, விரல் படாமல் பார்த்தால் மினுக்கும் துகள் தெரியும். இரண்டாவது, எந்த நிறங்கள்? அல்ட்ராமரீனும் தாலோ நீலமும் வெளிச்சத்தைத் தாங்கும். அந்திக் கடலுக்கு வைத்த அலிஸரின் சிவப்பு, ஒளிரும் ஓபரா இளஞ்சிவப்பு ஆகியவை தாங்காது. அந்திக் கடல் சில ஆண்டுகளில் மத்தியானக் கடல் ஆகிவிடும்.

## கண்ணாடிச் சட்டம்

சரியாகப் போட்டால் இன்றுவரை இதற்கு நிகர் இல்லை. கண்ணாடி கீறாது, மஞ்சளாகாது, வளையாது, துடைக்க எளிது. வேண்டாமென்றால் பின்னாலுள்ள ஆணிகளைப் பிடுங்கித் தாளை அப்படியே எடுத்துவிடலாம். நிபந்தனை ஒன்றுதான்: தாள் கண்ணாடியைத் தொடக் கூடாது. மவுண்ட் என்பது அழகுக்கு வைக்கும் வெள்ளை அட்டை என்று நான் நினைத்திருந்தேன். ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுள்ள அந்த அட்டை செய்யும் உண்மையான வேலை, தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே காற்று நிற்க இடம் தருவது. அந்த இடைவெளி இல்லாவிட்டால் கண்ணாடியின் உட்புறம் வியர்க்கும் நீர் நேரே ஓவியத்தில் இறங்கும்.

வியர்ப்பது மழைக்காலத்தில் மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஏசி அறையில் கண்ணாடி குளிர்ந்து கிடக்கும். காலையில் ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறந்தால் கடற்காற்று வந்து அதன்மேல் படியும். மூக்குக்கண்ணாடி அணிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மறைந்திருக்கும் செலவுகள் பல. கடையில் சொல்லும் விலை பெரும்பாலும் சாதாரண அட்டைக்கும் ஹார்ட்போர்டுக்கும் ஆனது. அவற்றிலுள்ள அமிலம் மெல்லக் கசிந்து, மவுண்ட் வெட்டின் ஓரமாகத் தாளில் பழுப்புக் கோடு போடும். அமிலமற்ற அட்டை முன்னாலும் பின்னாலும் வேண்டும் என்று தனியாகக் கேட்க வேண்டும், தனியாகக் காசும் கொடுக்க வேண்டும். செல்லோடேப்புக்குப் பதிலாக, மெல்லிய ஜப்பானியத் தாளைக் கோதுமை மாவுப் பசையால் மேல்விளிம்பில் மட்டும் ஒட்டித் தொங்கவிட வேண்டும். நான்கு பக்கமும் ஒட்டினால், ஈரத்தில் விரியும் தாளுக்குப் போக இடமில்லாமல் அலையலையாக எழும். கடல் ஓவியத்தில் அலை நல்லதுதான், ஆனால் தாள் அலைய வேண்டியதில்லை.

எடையும் பார்க்க வேண்டும். முழுத்தாள் ஓவியம் என்றால் 22 அங்குலத்துக்கு 30 அங்குலம். சுற்றிலும் மூன்று அங்குலம் மவுண்ட் விட்டால் 3 மி.மீ. கண்ணாடி மட்டுமே சுமார் 5 கிலோ. சட்டமும் சேர்ந்தால் சாதாரண ஆணி தாங்காது.

"நான்-கிளேர்" என்று கடையில் எடுத்துக் காட்டும் சொரசொரப்புக் கண்ணாடியை நம்பி வாங்காதீர்கள். அது பிம்பத்தை மங்கலாக்கும், கூடவே படத்தையும் மங்கலாக்கும். மவுண்ட் இடைவெளியில் அந்த மங்கல் இன்னும் கூடும். நீலத்தூள் படிந்த அழகுக்காகத்தான் படத்தை வாங்கினோம் என்றால் அதைத்தான் முதலில் இழப்போம். பிரதிபலிப்பைத் தடுக்கும் மெல்லிய பூச்சு கொண்ட அருங்காட்சியகக் கண்ணாடி வேறு வகை. இருக்கிறதே தெரியாது, புற ஊதாக் கதிரில் 99 விழுக்காடு வரை தடுக்கும். விலையைக் கேட்டபோது ஓவியத்தின் விலையைத்தான் சொல்கிறாரோ என்று சந்தேகம் வந்தது.

எப்போது நல்லது: படம் அரைத்தாள் அளவோ அதற்குக் கீழோ இருந்து, ஜன்னலுக்கு நேரெதிரே இல்லாத உட்சுவர் கிடைத்தால்.

## அக்ரிலிக் தகடு

கண்ணாடியின் எடையில் பாதிகூட வராது. மேலே சொன்ன முழுத்தாள் படத்துக்கு இரண்டேகால் கிலோ போதும். விழுந்தால் சில்லுகளாக உடைந்து தாளைக் கிழிக்காது. குழந்தைகள் பந்து விளையாடும் கூடத்துக்கும், ரயிலிலோ லாரியிலோ வேறு ஊருக்குப் போகும் படத்துக்கும் யோசிக்கவே வேண்டாம். வெப்பத்தை மெதுவாகக் கடத்துவதால் கண்ணாடி அளவுக்கு வியர்ப்பதும் இல்லை. நம் ஊருக்கு இது சிறிய லாபமல்ல.

நஷ்டம் வீட்டுக்கு வந்தபின் தொடங்கும். வேலைக்கு வரும் அம்மா ஈரத்துணியால் ஒரு முறை அழுத்தித் துடைத்தால் போதும், ஒட்டியிருந்த மணல்துகள் வட்டவட்டமாகக் கீறிவிடும். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் பட்டால் தகடு புகைபிடித்ததுபோல் ஆகும். தேய்க்கத் தேய்க்க நிலைமின்சாரம் ஏறித் தூசியை இழுக்கும். கரித்தூள், பேஸ்டல் படங்களுக்கு அந்த மின்சாரம் எமன். நீர்வண்ணத்தில் நிறம் தாளோடு ஒட்டியிருப்பதால் அந்தக் கவலை இல்லை. பெரிய தகடு நாளடைவில் உள்நோக்கி வளையும், எனவே ஒற்றை மவுண்ட் போதாது. இரட்டை மவுண்டோ, சட்டத்தின் உள்விளிம்பில் மறைவாக ஒட்டும் பட்டையோ வைத்து இடைவெளியைக் கூட்ட வேண்டும். இந்தச் செலவையும் சேர்த்தால் கண்ணாடியைவிடக் கூடத்தான் ஆகும்.

எல்லா அக்ரிலிக்கும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. அதற்கென்று தயாரித்த தகடு மட்டுமே அதை முழுமையாகச் செய்யும். பெயர்ப்பலகைக் கடையில் வெட்டி வாங்கும் தகட்டிடம் அதை எதிர்பார்க்கக் கூடாது.

எப்போது நல்லது: பெரிய படம், பலமில்லாத சுவர், இடம் மாறிக்கொண்டிருக்கும் வாழ்க்கை. கண்ணாடிக்கு அடுத்தபடி அல்ல, பெரிய படத்துக்கு இதுவே முதல் தேர்வு என்பது என் கருத்து.

## மெழுகு அல்லது வார்னிஷ், கண்ணாடி இல்லாமல்

பார்ப்பதற்கு நான்கிலும் இதுவே அழகு என்பதை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். தாளை மரப்பலகையில் ஒட்டி, வார்னிஷைத் தெளிப்பானால் மெல்லிய படலமாக மூன்று நான்கு முறை அடித்து, மேலே தேன்மெழுகுக் களிம்பைத் துணியால் தேய்த்து ஏற்றுவார்கள். பிம்பம் கிடையாது, சட்டம் கிடையாது, எடை கிடையாது. அடர்நீலம் இன்னும் ஆழமாகத் தெரியும். கான்வாஸ் ஓவியம்போல் கூடத்தில் கம்பீரமாக நிற்கும். இப்படி முடித்த ஒரு படத்தை ஒரு ஓவியரின் அறையில் மிக அருகில் நின்று பார்த்தேன். தூரிகை திரும்பிய இடத்தில் தாளின் நார் ஒன்று நிமிர்ந்து நின்றதுகூடத் தெரிந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அது தெரியவே வாய்ப்பில்லை.

ஆனால் திரும்பி வர வழி கிடையாது. தாள் உறிஞ்சிக்கொண்ட வார்னிஷை யாராலும் வெளியே எடுக்க முடியாது. தீட்டாமல் விட்ட வெள்ளைத் தாள் இலேசாக நிறம் மாறும், அந்த நுரை சற்றுப் பழைய நுரையாகும். முதல் படலத்தை அவசரத்தில் தூரிகையால் பூசினால், கரையக் காத்திருக்கும் நிறம் இழுபடும். தேன்மெழுகு 60 டிகிரிக்கு மேல்தான் உருகும், ஆனாலும் அக்கினி நட்சத்திர வெயில் படும் சுவரில் இளகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். மெழுகு தண்ணீர்த் துளியைத் தடுக்குமே தவிர வெளிச்சத்தைத் தடுக்காது. நீர்வண்ணக் கண்காட்சிகள் சில கண்ணாடியோ தகடோ இல்லாத படத்தை ஏற்பதில்லை. நாளை விற்க நினைத்தால் வாங்குபவர் தயங்கவும் கூடும்.

எப்போது நல்லது: நீங்களே தீட்டியது, ஓவியரே அப்படி முடித்துக் கொடுத்தது. வேறொருவரின் ஓவியத்தை வாங்கிவந்து அவரைக் கேட்காமல் வார்னிஷ் அடிப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

## அச்சுப் பிரதியை மாட்டி, அசலை உள்ளே வைப்பது

நிறமித் துகள் மையால், பருத்தித் தாளில் அச்சிட்ட நல்ல பிரதி கண்ணாடிக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் அசல்போலவே இருக்கும். இரண்டடிக்கு வந்தால் குட்டு வெளிப்படும். தாளின் பள்ளத்தில் தூள் படிந்த இடம் வெறும் புள்ளிகளாகத் தட்டையாகிவிடும். தாலோ நீலமும் பச்சையும் சேர்ந்த அந்தத் தெளிந்த கடல்நிறத்தை அச்சு மைகள் பெரும்பாலும் எட்டுவதில்லை, சாம்பல் ஏறி வரும். சாயமையில் அச்சிட்டால் அசலைவிட முன்னதாகப் பிரதியே வெளுத்துப்போகலாம். எந்த மை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு செலவு சட்டப்படியானது. ஓவியம் உங்களுடையது, ஆனால் பதிப்புரிமை வாங்கும்போது தானாகக் கைமாறுவதில்லை. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, படியெடுக்கும் உரிமை ஓவியருடையது. ஒரு கடிதம் எழுதிக் கேட்டால் பெரும்பாலோர் சம்மதிப்பார்கள். கேட்பதே மரியாதை.

எப்போது நல்லது: மேற்கு வெயில் நேராக விழும் சுவர், குளியலறையை ஒட்டிய சுவர், சமையலறை, வாடகைக்கு விடும் வீடு. அசல் கட்டிலுக்கடியில் தூங்கப் பிரதியை நாள்தோறும் பார்ப்பது எனக்கு ஒப்பவில்லை. அப்படியானால் எதற்கு அசலை வாங்கினோம்?

இதற்கு நடுவழி ஒன்று இருக்கிறது. ஹென்றி வான் என்ற சேகரிப்பாளர் 1899இல் இறந்தபோது, ஆங்கில ஓவியர் டர்னரின் 38 நீர்வண்ண ஓவியங்களை எடின்பரோவிலுள்ள ஸ்காட்லாந்து தேசியக் கலைக்கூடத்துக்கு எழுதிவைத்தார். வெளிச்சம் மிகக் குறைவான ஜனவரியில் மட்டும், கட்டணமின்றிக் காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. கொலு பொம்மைகளை ஆண்டுக்கு ஒன்பது நாள் மட்டும் பெட்டியிலிருந்து எடுக்கும் நமக்கு இது புதுமையே அல்ல. நம் ஊரில் மாதத்தை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். கடும் வெயிலும் அடைமழையும் இல்லாத தை, மாசியில் அசலை மாட்டிவிட்டு, மற்ற மாதங்களில் அமிலமற்ற உறையில், ஸ்டீல் அலமாரியில், சிலிகா ஜெல் பொட்டலத்தோடு படுக்கவைக்கலாம்.

## ஒரு பார்வையில்

| | கண்ணாடி | அக்ரிலிக் | மெழுகு/வார்னிஷ் | பிரதி |
|---|---|---|---|---|
| ஈரம் | மவுண்ட் இருந்தால் பாதுகாப்பு | சற்றுக் கூடுதல் பாதுகாப்பு | துளியைத் தடுக்கும் | அசலுக்குக் கவலை இல்லை |
| வெளிச்சம் | வகையைப் பொறுத்தது | வகையைப் பொறுத்தது | பலவீனம் | அசலுக்குக் கவலை இல்லை |
| பிம்பம் | அதிகம் | அதிகம் | இல்லை | சட்டத்தைப் பொறுத்தது |
| எடை | அதிகம் | பாதிக்கும் குறைவு | பலகை மட்டும் | சட்டத்தைப் பொறுத்தது |
| பிறகு மாற்ற | முடியும் | முடியும் | முடியாது | கவலை இல்லை |
| மறைந்த செலவு | அமிலமற்ற அட்டை | கீறல், இரட்டை மவுண்ட் | அசல் தன்மை, மறுவிற்பனை | அனுமதி, நல்ல மை |

அட்டவணையில் அடங்காத ஒன்று சுவரே. மழை நேராக அடிக்கும் வெளிச்சுவரின் உட்புறத்தில் எதை மாட்டினாலும் ஈரம் பின்னாலிருந்து வரும். உள்ளங்கையை ஒரு நிமிடம் சுவரில் வைத்துப் பாருங்கள். குளிர்ச்சி தெரிந்தால் அந்தச் சுவர் வேண்டாம்.

என் ஓவியத்தை வெளியே எடுத்து, நிழலில் காயவைத்து, முகக்கவசம் அணிந்து மொட்டைமாடியில் மென்மையான தூரிகையால் பூஞ்சைத் தூளைத் தட்டினேன். புள்ளிகளின் கறை போகவில்லை. இரட்டை மவுண்டும் அக்ரிலிக் தகடும் போட்டு, கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவிலுள்ள உட்சுவரில் மாட்டினேன். சட்டத்தின் கீழ்மூலைகளில் பாட்டில் தக்கையை வில்லையாக வெட்டி ஒட்டியிருக்கிறேன், பின்னால் காற்று போகிறது. ஒன்பது புள்ளிகளில் ஆறை மவுண்ட் மறைத்துவிட்டது. மூன்று இன்னும் நுரைக்குள் தெரிகின்றன. புதிதாக வருபவர்கள் அவற்றைச் சுட்டிக்காட்டிப் பாராட்டினால் நான் மறுப்பதில்லை.